புகை போன வழிதான் வீட்டோட பிளான் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல இங்கிலாந்துல கென்ட் பக்கம் இருக்குற ஒரு பழைய பண்ணை வீட்டு போட்டோ போட்டு, கீழ ரெண்டே வரி எழுதியிருந்தோம்: ஓக் மரச்சட்டம், மண் சுவர், 500 வருஷமா நிக்குது. அவ்ளோதான். இந்த தடவ வந்த கடிதம், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல அந்த வீட்ட பத்திதான். டெல்டாக்காரங்களுக்கு வீடுன்னா எவ்ளோ இஷ்டம்னு தெரிஞ்ச விஷயம்தான், இருந்தாலும் இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல. அதனால இந்த முறை சினிமா கேள்வி, அரசியல் கேள்வி எல்லாத்தையும் ஓரமா வச்சாச்சு.

சார், என் பையன் கென்ட்லதான் வேலை பாக்குறான். அந்த மாதிரி ஒரு பண்ணை வீட்டுக்கு விருந்துக்கு போயிருக்கான். திண்ணை இல்ல, முற்றம் இல்ல, வாசக்கதவ தொறந்தா நேரா ஒரு செங்கல் சுவர் மூஞ்சில முட்டுதாம். இப்படியுமா வீடு கட்டுவாங்க? – மன்னார்குடி வாசகி

அம்மா, அந்த செங்கல் சுவர் சும்மா சுவர் இல்ல, சிம்னியோட முதுகு. அந்த வீட்டோட மொத்த கதையும் அதுலதான் இருக்கு.

முதல்ல கட்டுனப்ப, அதாவது 1400-கள்ல, அங்க சிம்னியே கிடையாது. வீட்டுக்கு நடுவுல பெரிய ஹால், தரையிலேர்ந்து கூரை வரைக்கும் மாடியே இல்லாம ஓன்னு திறந்து கிடக்கும். ஹாலுக்கு நடுவுல தரையிலயே தீ மூட்டுவாங்க, சமையலும் குளிர்காயுறதும் ரெண்டும் அங்கதான். புகை மேல ஏறி கூரை இடுக்கு வழியா எப்படியோ வெளிய போகும். ஹாலோட ஒரு பக்கம் எஜமான் குடும்பத்துக்கு ரூம், இன்னொரு பக்கம் ரெண்டு சின்ன ரூம், ஒண்ணு பீர் பீப்பாய் வைக்க, இன்னொண்ணு ரொட்டி, சாமான் வைக்க. அந்த ரெண்டுக்கும் ஹாலுக்கும் நடுவுல முன்வாசலும் பின்வாசலும் நேருக்கு நேரா இருக்குற ஒரு நடை. நம்ம ஊர்ல வாசப்படியில நின்னா கொல்லைப்புற வாழை தெரியுற மாதிரி கட்டுவோம்ல, அந்த நேர்ப்பாதை அங்கயும் இருந்துருக்கு.

அப்புறம் 1500-களோட பின்பாதியிலேர்ந்து செங்கல் கொஞ்சம் சுலபமா கிடைக்க ஆரம்பிச்சுது, விவசாயி கையிலயும் காசு பொழங்குச்சு. ஹாஸ்கின்ஸ்னு ஒரு வரலாற்று பேராசிரியர் 1570-லேர்ந்து 1640 வரைக்கும் உள்ள காலத்த 'பெரும் மறுகட்டுமானம்'னு பேர் வச்சு 1953-ல கட்டுரையே எழுதினாரு. அந்த தேதி எல்லா மாவட்டத்துக்கும் ஒத்து வராதுன்னு பின்னாடி வந்தவங்க சண்ட போட்டாங்க, ஆனா நடந்த சமாச்சாரம் உண்மைதான்: ஊர் ஊரா பழைய ஹாலுக்குள்ள செங்கல் சிம்னி எழும்புச்சு. புகைக்கு தனி வழி கெடச்ச உடனே மேல இருந்த காலி இடம் எதுக்குன்னு யோசிச்சு, ஹாலுக்கு குறுக்க உத்தரம் போட்டு பலகை அடிச்சு மாடி பண்ணிட்டாங்க. சிம்னிய எங்க வைக்கிறதுன்னு பாத்தப்ப, பல வீட்டுல ஏற்கனவே காலியா இருந்த அந்த நடைதான் வசதியா இருந்துச்சு. நடை அடைபட்டுச்சு, முன்கதவு மட்டும் இருந்த இடத்துலயே நின்னுடுச்சு. 1600-கள்ல புதுசா கட்டுனவங்களும் இதே அமைப்ப விரும்பியே வச்சாங்க, ஏன்னா கதவ தொறந்தா வர்ற குளிர்காத்து நேரா ரூமுக்குள்ள பாயாது, அதோட நடுவுல ஒரே சிம்னி, ரெண்டு பக்க ரூமுக்கும் அடுப்பு. உங்க பையன் நின்னானே அந்த குட்டி இடம், அதுக்கு இடதும் வலதும் ஒவ்வொரு கதவு இருந்திருக்கும், கேட்டு பாருங்க.

முற்றம் ஏன் இல்லன்னு கேட்டீங்களே, நம்ம முற்றம் மழையும் வெளிச்சமும் காத்தும் உள்ள வர்றதுக்கு. அங்க ஆறு மாசம் அதெல்லாம் உள்ள வராம பாத்துக்குறதுதான் பொழப்பு. மழைத் தண்ணிய நடு வீட்டுல எறக்கி அண்டாவுல புடிச்சவங்க நாம, புகைய நடு வீட்டுல ஏத்தி வெளிய அனுப்ப வழி தேடுனவங்க அவங்க.

நான் கொத்தனார் வேலை பாக்குறவன். மண் சுவர் 500 வருஷம் நிக்கிறதுன்னு எழுதுறீங்க, நம்புற மாதிரி எழுதுங்க. – திருத்துறைப்பூண்டி வாசகர்

தம்பி கோவத்துல நியாயம் இருக்கு, ரெண்டு வரியில எழுதுனா அப்படித்தான் இருக்கும். மண்ணு எதையும் தாங்கல, தாங்குறது மரம். கீழ கல்லுல ஒரு அடி ரெண்டடி அஸ்திவார சுவர், அதுக்கு மேல படுக்க ஒரு ஓக் உத்தரம், அதுல நட்டுக்குத்தா கால்கள், மேல மறுபடி உத்தரம், மூலைக்கு மூலை வளைஞ்ச கைத்தாங்கு. இந்த கூண்டு ரெடியான பிறகுதான் நடுவுல உள்ள கட்டத்த அடைப்பாங்க. ஓக் குச்சிய நட்டுக்குத்தா சொருகி, அதுல ஹேசல்ங்கற புதர் மரத்தோட மிலாற பின்னி, களிமண், நறுக்குன வைக்கோல், சாணி மூணையும் மிதிச்சு குழைச்சு ரெண்டு பக்கமும் அப்பி, காஞ்சதும் சுண்ணாம்பு அடிச்சா முடிஞ்சுது. நம்ம மூங்கில் பிளாச்சுல தட்டி கட்டி மண்ணு அப்புவோம்ல, பின்னுற குச்சிதான் வேற.

மரவேலைதான் உங்களுக்கு சொல்லணும். நம்ம ஆசாரிங்க வைரம் பாஞ்ச கட்டையா, நல்லா காஞ்சதா கேப்பாங்க. அங்க நேர் எதிர், வெட்டுன ஓக்க பச்சையாவே இழைச்சுடுவாங்க, ஏன்னா காஞ்ச ஓக்ல உளி எறங்காது. மூட்டுக்கு இரும்பு ஆணி கிடையாது. ஒரு கட்டையில துளை, இன்னொரு கட்டை முனையில அதுக்குள்ள போற நாக்கு, ரெண்டுலயும் குறுக்க ஓட்டை போட்டு மரமுளை அடிக்கிறது, அதுலதான் சூட்சுமம். நாக்குல இருக்குற ஓட்டைய ஒரு நூல் அளவு தள்ளி போடுவாங்க, ரெண்டும் நேரா இருக்காது. கூரா செதுக்குன முளைய அடிச்சு எறக்குறப்ப அது நாக்க உள்ள இழுத்து இறுக்கிடும். அப்புறம் வருஷக்கணக்கா மரம் காய காய முறுக்கிக்கிட்டு இன்னும் இறுகும். பழைய பண்ணை வீட்டுல தரை சரிவா, கதவு நிலை கோணலா இருக்குறதுக்கு காரணமும் அதே முறுக்குதான்.

எல்லா சட்டத்தையும் தரையிலயே அடுக்கி பொருத்தி பாத்து, மூட்டுக்கு மூட்டு உளியால ரோமன் எண் கீறி வச்சுட்டு, கழட்டி எடுத்துட்டு போய் இடத்துல நிறுத்துவாங்க. நாலுன்னா நாலு கோடு, ஒன்பதுன்னா ஒரு கோடு ஒரு எக்ஸ் இல்ல, பெரும்பாலும் வி போட்டு நாலு கோடு. சஸ்ஸெக்ஸ்ல சிங்கிள்டன்ங்கற ஊர்ல ஒரு திறந்தவெளி மியூசியம் இருக்கு, நம்ம முட்டுக்காடு தட்சிணசித்ரா மாதிரி பழைய வீடுகள கழட்டி கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க. அங்க பேலீஃப்னு ஒரு பண்ணை வீடு, 1400-களோட ஆரம்பத்துல கட்டுனது, கென்ட்ல ஒரு நீர்த்தேக்கம் வந்தப்ப முழுகாம காப்பாத்தி எடுத்துட்டு வந்தாங்க. மேட்டூர்ல முழுகுன ஊர்களுக்கு அந்த குடுப்பின இல்ல. பேலீஃப்ல ஜன்னலுக்கு கண்ணாடியே கிடையாது, நட்டுக்குத்தா மரக்கம்பி, உள்ள மரக்கதவு, அவ்ளோதான். மூட்டு கழட்டுற மாதிரி இருந்ததாலதான் ஒரு வீடு முழுசா ஊர் விட்டு ஊர் வர முடிஞ்சுது.

சிம்னி பின்னாடி வந்துச்சுன்னு எப்படி அவ்ளோ உறுதியா சொல்றாங்க? ஆவணம் இருக்கா? – கும்பகோணம் கல்லூரி மாணவி

ஆவணம் மச்சுல இருக்கு. மாடிக்கும் மேல கூரைக்குள்ள டார்ச் அடிச்சு ஏறுனா, கைமரமெல்லாம் கரி புடிச்சு கருகருன்னு மின்னும். கீழ சிம்னி இருக்குறப்ப மேல எப்படி புகை போச்சு? சிம்னி வர்றதுக்கு முன்னாடி போனதுதான். டெவன் பக்கம் சில வீட்டுல கூரை வைக்கோலோட அடி அடுக்கு கூட அந்த காலத்து புகைக்கரியோடயே இருக்கு, மேல மேல புது வைக்கோல் வேஞ்சாங்களே தவிர அடியில கை வைக்கல. அதுக்குள்ள அந்த காலத்து கோதுமை கதிர், களை விதை எல்லாம் அப்படியே கிடக்க, தாவர ஆராய்ச்சிக்காரங்க அத எடுத்து படிக்கிறாங்க.

வருஷம் தெரியணும்னா மரத்துல சன்னமா துளை போட்டு உள் வளையத்த எண்ணி, மழை நல்லா பெஞ்ச வருஷம் அகல வளையம், காஞ்ச வருஷம் குறுகுன வளையம்னு வரிசைய ஒப்பிட்டு பாப்பாங்க. பட்டையோட ஒட்டுன கடைசி வளையம் இருந்துட்டா மரம் வெட்டுன வருஷமே, சில சமயம் பருவமே தெரியும். பச்சையாவே இழைச்சதால வெட்டுன வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துக்குள்ள வீடு எழும்பியிருக்கும்னு வச்சுக்கலாம்.

இங்கிலீஷ்காரன் மாட்ட வீட்டுக்குள்ள கட்டுவானா? எங்க தாத்தா சொன்னா சிரிக்கிறாங்க. – வலங்கைமான் வாசகர்

கட்டுனான், தாத்தா சரியாத்தான் சொல்லியிருக்காரு. டெவன்ல டார்ட்மூர் மலைப்பக்கம் நீள வீடுகள் இருக்கு, கருங்கல்லு. ஒரே கூரை, ஒரே வாசல், நடையில நுழைஞ்சு மேட்டுப்பக்கம் திரும்புனா மனுஷங்க, பள்ளத்துப்பக்கம் திரும்புனா மாடு. வீட்டையே சரிவுல கட்டியிருப்பாங்க, கொட்டில் நடுவுல வாய்க்கால், மூத்திரமும் கழுவுற தண்ணியும் கீழ்ப்பக்க சுவர்ல உள்ள ஓட்டை வழியா வெளிய ஓடிரும். குளிர்காலத்துல மாட்டுச் சூடும் வீட்டுக்கு லாபம். பின்னாடி வசதி வந்ததும் மாட்டுக்கு தனி வாசல் வச்சாங்க, அப்புறம் மாட்டையே வெளிய அனுப்பிட்டாங்க, இப்ப அந்த கொட்டில் பல வீட்டுல பெரிய கிச்சனா இருக்கு.

அந்த வீடுகளுக்கு வாஸ்து உண்டா? – மயிலாடுதுறை வாசகர்

வாஸ்து இல்லங்க, வெண்ணெய் உண்டு. பாலும் வெண்ணெயும் சீஸும் வைக்கிற டெய்ரி ரூம் பெரும்பாலும் வடக்கு பக்கம், வெயில் படக்கூடாதுன்னு. தரையும் கொஞ்சம் எறக்கமா, கல்லு பாவியிருக்கும்.

அதே ரூம்ல இன்னொரு வேடிக்கை. 1696-லேர்ந்து 1851 வரைக்கும் அங்க ஜன்னலுக்கு வரி. இத்தனை ஜன்னலுக்கு மேல போனா இவ்ளோன்னு கூடிக்கிட்டே போகும், அதனால ஜனங்க செங்கல் வச்சு அடைச்சாங்க. டெய்ரிக்கு மட்டும் விலக்கு, ஆனா அது டெய்ரின்னு ஜன்னலுக்கு மேல எழுதியிருக்கணும். இன்னைக்கும் சில பண்ணை வீட்டு ஜன்னல் தலைப்புல அந்த எழுத்து இருக்கு. எழுதி வச்ச எல்லா ரூம்லயும் பால்தான் இருந்துச்சான்னு எனக்கு சந்தேகம்தான், வரின்னா மனுஷ புத்தி எங்கயும் ஒரே மாதிரிதான் ஓடும். அதுக்கு முன்னாடி 1662-லேர்ந்து 1689 வரைக்கும் அடுப்பு வரி வேற, ஒரு அடுப்புக்கு வருஷத்துக்கு 2 ஷில்லிங். சிம்னி வச்ச குடும்பமெல்லாம் அந்த கணக்குல சிக்குச்சு, ஆனா இப்ப எந்த ஊர்ல எந்த வீட்டுல எத்தனை அடுப்புன்னு ஆராய்ச்சி பண்றவங்களுக்கு அந்த வரி நோட்டுதான் புதையல்.

அந்த ஓக் எல்லாம் பழைய போர்க்கப்பல உடைச்சு எடுத்ததாமே? – நாகப்பட்டினம் வாசகர்

ஒவ்வொரு பண்ணை வீட்டுக்காரரும் இதத்தான் சொல்லுவாரு, பெரும்பாலும் கதைதான். உத்தரத்துல சம்பந்தமில்லாத துளை இருக்கும், அத பாத்து கிளம்புன பேச்சு. அது வேற பழைய வீட்டுலயோ களஞ்சியத்துலயோ இருந்த கட்டைய மறுபடி போட்டதா இருக்கும். கடலே இல்லாத நடு நாட்டு ஊர்ல கூட கப்பல் கட்டைன்னு பெருமை அடிப்பாங்க.

கஜா மாதிரி புயல் வந்தா தாங்குமா? – வேதாரண்யம் வாசகி

கஜா வேகத்துல அடிச்சா ஓடு பறக்கத்தான் செய்யும். ஆனா அங்கயும் புயல் வராம இல்ல. 1987 அக்டோபர்ல ஒரு ராத்திரி அடிச்ச புயல்ல தென்கிழக்கு இங்கிலாந்துல ஒன்றரை கோடி மரம் சாஞ்சுது, நம்ம பக்கம் 2018 நவம்பர்ல தென்னையெல்லாம் படுத்த மாதிரி. மரக்கூண்டு வீட்டுக்கு ஒரு நல்ல குணம், மூட்டுல லேசா அசைஞ்சு கொடுக்கும், மூலையில இருக்குற கைத்தாங்கு சாய விடாது.

சிம்னிக்குள்ள பழைய செருப்பு வச்சு அடைச்சிருப்பாங்கன்னு கேள்விப்பட்டேன், நிஜமா? – திருவிடைமருதூர் வாசகி

நிஜம். ரிப்பேருக்கு சிம்னிய உடைக்கிறப்ப ஒத்தை ஷூ ஒண்ணு விழும், அதுவும் புதுசு இல்ல, தேஞ்சு போனது, நிறைய நேரம் குழந்தையோடது. நார்தாம்ப்டன் மியூசியத்துல இப்படி கெடச்சதுக்கெல்லாம் ஒரு பதிவேடே வச்சிருக்காங்க. ஏன் வச்சாங்கன்னு அந்த காலத்துல யாரும் எழுதி வைக்கல, சிம்னி வழியா கெட்டது எதுவும் எறங்கிட கூடாதுன்னுதான் இருக்கும்ங்கறது பொதுவான கணிப்பு. வாசல்ல ஆகாசகருடன் கிழங்கும் படிகாரமும் கட்டுற நமக்கு இதுல சிரிக்க ஒண்ணுமில்ல.

ஐயா, இது நம்ம ஊர் கேள்வி. தாத்தா கட்டுன வீடு, நாட்டு செங்கல், சுண்ணாம்பு பூச்சு. பத்து வருஷம் முன்னாடி கீழ நாலடிக்கு சிமெண்ட் பூசுனோம். இப்ப அதுக்கும் மேல ஓதம் ஏறி பெயிண்ட் உப்பி கொட்டுது. கெமிக்கல் கோட்டிங் அடிச்சா சரியாகும்னு சொல்றாங்க. அடிக்கலாமா? – திருவையாறு வாசகர்

அடிக்காதீங்க. இத ஆற அமர சொல்றேன், ஏன்னா அந்த இங்கிலீஷ் பண்ணை வீடுகள் இதே தப்புக்கு நல்லா விலை குடுத்திருக்கு.

போன நூற்றாண்டுல அங்கயும் பழைய சுண்ணாம்பு பூச்ச தட்டிட்டு கெட்டியா இருக்கட்டும்னு சிமெண்ட் பூசுனாங்க. மரம் அசையுற வீடு, சிமெண்ட் அசையாது, மயிரிழை வெடிப்பு விட்டுச்சு. வெடிப்பு வழியா மழை உள்ள போகும், திரும்ப ஆவியாகி வெளிய வர வழி இல்ல. பூச்சுக்கு பின்னாடி கீழ் உத்தரம் ஊறி, கைய வச்சா பிட்டு பிட்டா உதிருற அளவுக்கு மக்கி கிடக்கும், வெளிய பாத்தா வெள்ளையா அழகா இருக்கும். ஈர ஓக்னா டெத்வாட்ச்ங்கற வண்டுக்கு கொண்டாட்டம், மரத்துக்குள்ளயே இருந்து தலையால டொக்கு டொக்குன்னு தட்டும். இப்ப விவரம் தெரிஞ்சவங்க அந்த சிமெண்ட பேத்துட்டு, மாட்டு மயிரோ ஆட்டு மயிரோ கலந்த சுண்ணாம்ப மறுபடி பூசுறாங்க. பழைய கட்டடத்த புதுசா மாத்தாதீங்க, பழுது பாருங்கன்னு சொல்லி வில்லியம் மாரிஸ்னு ஒரு கவிஞர் 1877-ல ஒரு சங்கம் ஆரம்பிச்சாரு, அது இன்னைக்கும் சுண்ணாம்பு வேலைக்கு பயிற்சி குடுக்குது.

உங்க வீட்டுல மரத்துக்கு பதில் செங்கல், மத்தபடி கதை ஒண்ணுதான். நம்மது ஆத்து படுகை, சம்பா நேரத்துல தண்ணி மட்டம் மேல வந்துடும், செங்கல் அத உறிஞ்சும். சுண்ணாம்பு பூச்சா இருந்தவரைக்கும் உறிஞ்சுனது தரையோட ஒட்டுன ரெண்டடியிலயே காத்துல காஞ்சு போயிருக்கும். நாலடி சிமெண்ட் போட்டதும் அது மூச்சு விட இடம் தேடி அஞ்சாவது அடிக்கு ஏறிடுச்சு. கெமிக்கல் அடிச்சா ஆறாவது அடிக்கு போகும், வேற ஒண்ணும் ஆகாது.

முதல்ல வெளிய பாருங்க. ரோடு போட போட உயர்ந்து உங்க வாசல் பள்ளமாயிருக்கும், டெல்டாவுல எந்த தெருவும் இதுக்கு தப்பல. மழைத்தண்ணி சுவரோரம் நிக்குதா, தாழ்வார ஓட்டுத் தண்ணி எங்க விழுது, கொல்லைக் குழாய் எங்கயாவது கசியுதா, சுவர ஒட்டி சிமெண்ட் தளம் போட்டு அடைச்சிருக்கீங்களான்னு பாத்து அத சரி பண்ணுங்க. பாதி ஓதம் அங்கயே நிக்கும். பொங்கல் தாண்டுனதும் சிமெண்ட் பூச்ச சுத்தியல் உளியால பக்குவமா எடுங்க, மெஷின் வச்சு அடிச்சா நாட்டு செங்கலோட முகமே பேந்துடும். கோடை முழுக்க சுவர் வெறுமனே காயட்டும், உப்பு பூத்தா காஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுங்க, தண்ணி ஊத்தி கழுவாதீங்க. அப்புறமா சுண்ணாம்பும் மணலும், கடுக்காய் வெல்லம் ஊறுன தண்ணி விட்டு அரைச்சு பூசத் தெரிஞ்ச ஆளு கும்பகோணம் பக்கம் கோயில் வேலை பாக்குறவங்கள்ல இன்னும் இருக்காங்க, தேடுங்க. மேல வெள்ளை சுண்ணாம்புதான், புட்டியும் எமல்ஷனும் கூடாது. சுண்ணாம்பு கண்ணுல பட்டா ஆபத்து, வேலை நடக்குறப்ப பேரப்புள்ளைங்கள கிட்ட விடாதீங்க.

என் தங்கச்சி வீட்டுக்காரர் அங்க ஒரு பழைய பண்ணை வீடு விலை பேசியிருக்கார். வாங்குன உடனே ஜன்னலெல்லாம் எடுத்துட்டு யுபிவிசி போடணும்ங்கறார். – நீடாமங்கலம் வாசகர்

மாப்பிள்ளைய முதல்ல கையெழுத்து போடாம நிறுத்துங்க. அங்க பழைய கட்டடங்களுக்கு சட்டப்படி பட்டியல் இருக்கு, 1947 சட்டத்துலேர்ந்து வந்த முறை. 1700-க்கு முன்னாடி கட்டி, ஓரளவு பழைய நிலையிலயே இருக்குற வீடுன்னா பெரும்பாலும் பட்டியல்ல இருக்கும். முதல் தரம், நட்சத்திரக்குறி போட்ட ரெண்டாம் தரம், வெறும் ரெண்டாம் தரம்னு மூணு படி, பத்துல ஒன்பதுக்கு மேல கடைசி படிதான். கடைசி படின்னு எளப்பமா நெனைக்க கூடாது, அனுமதி இல்லாம ஜன்னல மாத்துனாலே கிரிமினல் குத்தம். முந்தின சொந்தக்காரர் திருட்டுத்தனமா பண்ணியிருந்தா கூட அத பழையபடி ஆக்குற பொறுப்பு வாங்குனவர் தலையில வந்து விழலாம். அதனால வக்கீல வச்சு அதையும் சேத்து பாக்க சொல்லுங்க. குளிருக்கு பயப்படுறாருன்னா, பழைய ஜன்னலுக்கு உள்பக்கமா இன்னொரு மெல்லிய கண்ணாடி சட்டம் வைக்கிறது உண்டு, அதையும் உள்ளூர் கவுன்சில்ல கேட்டுட்டு வைக்கணும்.

ஆல்ஃபிரிஸ்டன்ங்கற ஊர்ல ஒரு பழைய ஓக் வீடு, இதே ஹால் அமைப்புதான், இடிஞ்சு விழுற நிலையில இருந்தத 1896-ல பழைய இடங்கள பாதுகாக்குற நேஷனல் டிரஸ்ட்ங்கற அமைப்பு 10 பவுண்டு பணத்துக்கு வாங்குச்சு. அவங்க வாங்குன முதல் கட்டடமே அதுதான். நம்ம பக்கம் ஒரு வீடு இடிஞ்சா அதோட தூணும் நிலைக்கதவும் காரைக்குடி பழம்பொருள் கடைக்கு போற லாரியிலதான் கடைசியா தெரியும்.

போட்டோவுல வீட்டுக்கு பக்கத்துல காளான் மாதிரி கல்லு மேல ஒரு மரக்கொட்டகை நின்னுச்சே, அது என்ன? எங்க நெல்லு ஷெட்டுக்கு அது மாதிரி பண்ணலாமா? – பாபநாசம் வாசகர்

அது தானியக் களஞ்சியம், காளான் கல்லு எலிக்காக. கால் வழியா ஏறுற எலி தலைகீழா குடை விளிம்ப தாண்ட முடியாது. அடியில காத்தும் ஓடும், தானியம் பூசணம் புடிக்காது. நாம பத்தாயத்த வீட்டுக்குள்ளயே வச்சுக்கிட்டு, எலிய வயல்லயே கிட்டி வச்சு புடிச்சோம், அவங்க களஞ்சியத்தையே தூக்கி நிறுத்திட்டாங்க. இப்ப அந்த கல்லெல்லாம் அங்க தோட்டத்துல அழகுக்கு நிக்குது.

நீங்க தாராளமா பண்ணலாம், கான்கிரீட்ல வார்த்துக்கலாம். கால் ரெண்டடி உயரமாவது இருக்கட்டும், குடை சுத்தி நல்லா வெளிய நீட்டிக்கிட்டு இருக்கணும், அடியில வைக்கோல், சாக்கு, பழைய பலகைன்னு எதையும் அடைச்சு வைக்காதீங்க. அதவிட முக்கியம் படிக்கட்டு. அங்க படிய களஞ்சியத்தோட ஒட்டாம ஒரு இடைவெளி விட்டுத்தான் கட்டியிருப்பாங்க, மனுஷன் ஒரு எட்டு வச்சு தாண்டிடுவான். அத மறந்துட்டு ஷெட்டோட சேத்து கட்டிட்டீங்கன்னா குடைக்கல்லு செலவு தண்டம், எலி நம்மள மாதிரியே படியேறி வந்துடும்.